கட்டு யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு வக்கீல் ஆபீஸ் நடத்துகிறார்கள். ஆறு ஜூனியர்கள், அதில் இருவர் பெண்கள். இரண்டு குமாஸ்தா, ஒரு டைப்பிஸ்ட், பெருக்கித் துடைக்க ஒரு அம்மா. சேதராப்பட்டில் ஆலை வைத்திருக்கும் ஒரு கம்பெனி, தன் வழக்குகளை இவர்களிடம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது. அதில் ஒரு கட்டம்: பல தரப்பினருக்கும் இடமளிக்கும் கொள்கை உங்கள் நிறுவனத்தில் உண்டா? "நாங்கள் யாரிடமும் பேதம் பார்ப்பதில்லை மேடம், இதற்கு மேல் என்ன எழுதுவது, நிஜமாகவே ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறதா" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. நான் கடலூரில் 24 வருடமாகப் பிராக்டீஸ் செய்கிறேன், வாரத்தில் ஒருநாளாவது புதுச்சேரி கோர்ட்டுக்கும் வருகிறேன், அதனால் சென்னைப் பெரிய நிறுவனங்களின் கதையை விட்டுவிட்டு நம் ஊர் சேம்பருக்கு எது பொருந்துமோ அதை மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் பேதம் பார்ப்பதில்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனால் பார்க்காமலேயே நடந்துவிடுகிற விஷயம் இது. உங்கள் ஆறு ஜூனியர்களும் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஒருவர் பார்ட்னரின் மச்சினர் மகனாக இருப்பார், ஒருவரை ஓய்வுபெற்ற அரசு வக்கீல் யாராவது அனுப்பியிருப்பார், இன்னொருவரின் அப்பா உங்களுடைய பழைய கட்சிக்காரர், அதாவது உங்களிடம் வழக்குக் கொடுத்தவர். "ஜூனியர் தேவை" என்று நீங்கள் எங்கேயும் ஒட்டியிருக்க மாட்டீர்கள், நம் தொழிலில் யாரும் ஒட்டுவதில்லை. தெரிந்தவர் வழியாகவே ஆள் எடுத்தால் நமக்குத் தெரிந்தவர்களைப் போன்ற ஆட்கள்தானே வருவார்கள்? காலாப்பட்டில் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, 2017ல் விழுப்புரத்திலும் அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கிற வீட்டிலிருந்தும், தாழங்குடா மாதிரி மீனவர் குப்பங்களிலிருந்தும் பிள்ளைகள் இப்போது சட்டம் படித்து வெளியே வருகிறார்கள். அவர்கள் வீட்டில் ஒரு வக்கீலைக்கூடத் தெரிந்திருக்காது. பட்டம் கையில் இருக்கும், எந்தப் படியில் ஏறி யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்பார்கள். அந்த இரண்டு கல்லூரி நோட்டீஸ் போர்டிலும் ஒரு தாள் ஒட்டுங்கள். வருகிறவர்களிடம் "அப்பா என்ன செய்கிறார், எந்தத் தெரு" என்று ஆரம்பிக்காதீர்கள், அந்தக் கேள்வி எதற்கு என்று நம் மாவட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். ஒரு பழைய வழக்கின் விவரத்தைக் கொடுத்து, பெயர்களை மாற்றிவிட்டு, ஒரு மணி நேரத்தில் பிராது எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுதினாலும் சரி என்று சொல்லுங்கள். தமிழ் வழியில் படித்த பையன் ஆங்கிலத்தில் திணறுவதைப் பார்த்துவிட்டு "சட்டம் தெரியவில்லை" என்று முடிவுகட்டி அனுப்பிய சேம்பர்கள் எனக்குத் தெரியும், ஆங்கில டிராஃப்டிங் ஆறு மாதத்தில் வந்துவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

அப்புறம் பணம். இதைப் பேசாமல் மற்றதைப் பேசுவது வீண். மூன்று வருடம் சம்பளமில்லாமல் சீனியர் பின்னால் வழக்குக் காகிதக் கட்டு தூக்கிக்கொண்டு நடக்க யாரால் முடியும்? வீட்டில் சோறும் பெட்ரோலும் போடுகிற அப்பா உள்ளவர்களால் முடியும். மற்றவர்கள் ஒரு வருடத்தில் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு ஏதாவது கம்பெனியில் கலெக்‌ஷன் வேலைக்குப் போய்விடுவார்கள், நாமும் "அந்தப் பையனுக்கு ஆர்வம் இல்லை" என்று சொல்லிவிடுவோம். 2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை தர வேண்டும் என்று சொன்னது, அதையொட்டி தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கையும் விட்டது. சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. அந்த உத்தரவு பிறந்ததே புதுச்சேரி வக்கீல்களின் சேமநல நிதி தொடர்பான வழக்கில்தான் என்பதை நம் பார் ரூமில் பலர் மறந்துவிட்டார்கள், அல்லது மறந்த மாதிரி இருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம், வக்கீலாகப் பதிவு செய்ய வழக்கறிஞர் சட்டத்தில் போட்டிருக்கிற 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல், எந்த மாநில பார் கவுன்சிலும் வாங்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதுவரை பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளையைத் தொழிலின் வாசலிலேயே நிறுத்துகிற வேலைதான் அது. வாசலை உச்ச நீதிமன்றம் திறந்துவிட்டது, உள்ளே வந்தவருக்கு மாதம் 15,000 கொடுக்க வேண்டியது நீங்கள். நான்கு பார்ட்னர்கள் சேர்ந்து ஆறு பேருக்கு 90,000. கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆறு பேரை இலவசமாக வைத்திருப்பதற்கு நான்கு பேரைக் காசு கொடுத்து வைத்திருங்கள் என்பேன்.

இப்போது நான் முக்கியமாக நினைப்பது. உங்கள் ஆபீஸ் டைரி இருக்கும் இல்லையா, போன வருடத்து டைரி, அதை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். ஒவ்வொரு ஜூனியர் பெயருக்கும் எதிரே எழுதுங்கள்: எத்தனை தடவை வாய்தா வாங்க மட்டும் எழுந்தார், எத்தனை சாட்சியைக் கிராஸ், அதாவது குறுக்கு விசாரணை, செய்தார், எத்தனை வழக்கில் வாதம் செய்தார், எந்த மாதிரி வழக்கு, பீஸில் அவருக்கு எவ்வளவு போயிற்று. இரண்டு மணி நேர வேலை. அந்தத் தாளைப் பார்த்தால் கொள்கை என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்க வேண்டியிருக்காது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் வந்த புதிதில் என் முதல் சீனியர் நல்ல மனிதர், என்னை மகள் மாதிரி நடத்தினார், மகள் மாதிரி என்பதுதான் சிக்கலே. என்னோடு சேர்ந்த பையன் இரண்டாம் வருடமே பாகப்பிரிவினை வழக்கில் கிராஸ் செய்துகொண்டிருந்தான். எனக்கு ஹெச்.எம்.ஓ.பி. மட்டும் வரும், விவாகரத்து, ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் என்பது. "பொம்பளைங்க மனசு உனக்குத்தானே புரியும்மா" என்பார். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. நான்கு வருடம் கழித்து அந்தப் பையன் தனியாக ஆபீஸ் போட்டபோது அவனிடம் சிவில் கட்சிக்காரர்கள் 30 பேர் போனார்கள். எனக்கு அழுகிற பெண்கள் வந்தார்கள், பீஸ் வராது. யாரும் என்னை ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்லவில்லை, ஒரு தடவைகூட. கட்டு மட்டும் என் கைக்கு வரவில்லை.

சரி, நான் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. சொந்த ஆபீஸ் போட்டு சில வருடம் கழித்து ஒரு பையன் சேர்ந்தான், காலனியிலிருந்து படித்து வந்தவன், கூர்மையானவன். வருகிற பி.சி.ஆர். கேஸை, அதாவது சாதி வன்கொடுமை வழக்கை எல்லாம் அவனிடமே கொடுத்தேன். அந்த வலி அவனுக்குத்தான் தெரியும், அவனே நடத்தட்டும் என்று ஏதோ பெரிய நியாயம் செய்வதாக எனக்கு நினைப்பு. ஒன்றரை வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சாயங்காலம் கேட்டான்: "மேடம், எனக்கு ஸ்பெசிஃபிக் பெர்ஃபார்மன்ஸ் சூட் எப்ப தருவீங்க?" ஒப்பந்தப்படி நடக்கச் சொல்லிப் போடுகிற சிவில் வழக்கு அது. எனக்கு என் முதல் சீனியர் முகம் ஞாபகம் வந்துவிட்டது. அவர் எனக்குச் செய்ததைத்தான் நான் இவனுக்குச் செய்திருக்கிறேன். பெண்ணுக்குக் குடும்ப வழக்கு, தலித் பையனுக்கு வன்கொடுமை வழக்கு, முஸ்லிம் ஜூனியருக்கு வக்ஃப் வழக்கு, இப்படிப் பிரிப்பவர் மனசில் பேதமே இருக்காது, பிரியம்கூட இருக்கும், ஆனால் காசும் பெயரும் உள்ள நிலத் தகராறும் கம்பெனி வழக்கும் யார் பக்கம் போகின்றன என்று பாருங்கள். இதில் இன்னொன்றும் உண்டு, எதிர்ப்பக்கம்: குற்றம் சாட்டப்பட்டவருக்காக உங்கள் ஆபீஸ் பி.சி.ஆர். வழக்கில் ஆஜராகும்போது, ஜாமீன் மனுவை அந்த ஜூனியர் தலையில் கட்டாதீர்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழி இருக்க வேண்டும், சொன்னதற்காக அடுத்த மாதம் கட்டு குறையவும் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் "நாங்கள் சின்ன ஆபீஸ்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 உங்களுக்குப் பொருந்தும். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில், அப்படிப்பட்ட புகாரை விசாரிக்கிற உள்ளகக் குழு கட்டாயம். நிரந்தர ஊழியர் என்றில்லை, தற்காலிகமாக வருபவர், தினக்கூலி, பயிற்சிக்கு வருபவர் எல்லாரும் அதில் சேர்த்தி. பார்ட்னர்களை விட்டுவிட்டே எண்ணுங்கள்: ஜூனியர் ஆறு, குமாஸ்தா இரண்டு, டைப்பிஸ்ட் ஒன்று, பெருக்குகிற அம்மா ஒன்று. பத்து ஆகிவிட்டது. ஜூனியர் ஊழியரா இல்லையா என்று வாதாடலாம்தான், வக்கீல்களுக்கு வாதாடக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ன, ஆனால் அந்த வாதத்தைக் கம்பெனியின் படிவத்தில் எழுத முடியாது. குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துக்குக் குறைவான ஆபீஸில் இருக்கிற பெண்ணுக்கும் வழி உண்டு, மாவட்ட அளவில் இருக்கிற உள்ளூர்க் குழுவிடம் போகலாம். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டித் தருவார்கள்.

அந்தக் குழுவுக்குத் தலைவராக மூத்த நிலையில் உள்ள ஒரு பெண் இருக்க வேண்டும், பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும். உங்கள் ஆபீஸில் மூத்த பெண் யார்? மூன்று வருட ஜூனியரை உட்கார வைத்து, பார்ட்னர் மேல் புகார் வந்தால் நீ விசாரி என்று சொல்ல முடியுமா? அந்த நாற்காலிக்கு ஆள் இல்லை என்பதிலேயே படிவத்துக்கான பதில் பாதி இருக்கிறது.

நேரம் இன்னொரு விஷயம். நம் ஊர் சேம்பர் எல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்குமேல்தான் சூடுபிடிக்கும், ஒன்பதரை பத்து வரை போகும். கட்சிக்காரர் அப்போதுதான் வருவார், சீனியர் அப்போதுதான் வழக்கை விளக்கிச் சொல்வார், தொழில் கற்றுக்கொள்வதே அந்த நேரத்தில்தான். பாகூருக்கோ குறிஞ்சிப்பாடிக்கோ பஸ் பிடிக்க வேண்டிய பெண் ஏழரைக்குப் பையை எடுத்தால் "இன்னைக்கும் சீக்கிரமா?" என்று ஒரு குரல் வரும். கைக்குழந்தை உள்ளவர் வரவே மாட்டார். நான் என் ஆபீஸில் மாற்றிவிட்டேன், கோர்ட் முடிந்து நாலரைக்கு ஆரம்பித்து ஏழரைக்குப் பூட்டிவிடுவது, அதற்குமேல் வர வேண்டிய கட்சிக்காரரைச் சனிக்கிழமை வரச் சொல்வது. முதல் மூன்று மாதம் முணுமுணுத்தார்கள், பழகிவிட்டது. ஒரு கட்சிக்காரரும் இதற்காக என்னை விட்டுப் போகவில்லை. புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: கம்பெனிக்காரரைக் கவனிப்பது என்றால் பீச் பக்கம் பாரில் உட்காருவது என்று ஆகிவிட்டது உங்கள் ஊரில். அந்த மேஜையில் யார் உட்கார முடியும், யார் முடியாது என்று எண்ணிப் பாருங்கள், அங்கேதான் அடுத்த வருடத்து வழக்குகள் முடிவாகின்றன. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்களேன், குறைந்தா போய்விடும்?

பிரசவத்துக்குப் போகிற ஜூனியர் பற்றி: அவர் வழக்குகளை மற்றவருக்குப் பிரித்துக் கொடுப்பதில் தவறில்லை, வாய்தா காத்திருக்காது. ஆனால் வக்காலத்தில் அவர் பெயர் அப்படியே இருக்கட்டும், பீஸில் பங்கு போகட்டும், திரும்பி வந்ததும் அதே கட்டு அவர் மேஜைக்கே வரட்டும். திரும்பி வந்து பார்த்தால் மேஜையே இல்லாமல் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும், இருவரும் இப்போது தொழிலில் இல்லை.

கட்சிக்காரர்கள் ஒரு பெரிய தலைவலி, அதை யாரும் ஒத்துக்கொள்வதில்லை. "பொம்பள வக்கீல் வேணாங்க, கொஞ்சம் கத்திப் பேசற ஆளா போடுங்க" என்பார்கள். சாதியை மறைமுகமாகக் கேட்பார்கள், "தம்பி நம்மாளா?" அந்த நொடியில் பார்ட்னர் என்ன சொல்கிறார் என்பதை ஜூனியர் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார். நான் பிற்பாடு வேலை பார்த்த இரண்டாவது சீனியர் ஒரு நிலத்தரகரிடம் சொன்னது: "இந்தம்மாதான் நடத்துவாங்க. வேணாம்னா கட்டை இப்பவே கட்டித் தரச் சொல்றேன், வேற ஆபீஸ் பாருங்க." தரகர் கட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. எனக்கு அது முதல் சிவில் கிராஸ், அந்த வழக்கு தோற்றுவிட்டது என்பது வேறு விஷயம்.

கட்சிக்காரரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதும் இதில் வரும். உங்கள் ஆபீஸ் முதல் மாடியில் என்று எழுதியிருக்கிறீர்கள். எம்.சி.ஓ.பி., அதாவது வாகன விபத்து இழப்பீட்டு வழக்கும் நிறைய செய்கிறீர்கள். விபத்தில் கால் போனவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு செங்குத்தான படியில் ஏறி வந்து, இழப்பீட்டுக்கு வக்காலத்தில் கையெழுத்துப் போடுகிறார், இதை நாம் யாரும் விநோதமாகவே நினைப்பதில்லை. கீழே ஒரு கடை அறையை வாடகைக்கு எடுத்து ஒரு மேஜை போடுங்கள், நாளைக்குச் சக்கர நாற்காலியில் ஒரு ஜூனியர் வந்தாலும் ஆகும். பார்வையில்லாதவர் நீதிபதிப் பணிக்கே வரலாம், தடுக்கக் கூடாது என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது, ஜூனியராக ஏன் வரக் கூடாது? ஆபீஸ் பேப்பரை வெறும் படமாக ஸ்கேன் செய்து வைக்காமல் கணினி வாசித்துக் காட்டுகிற மாதிரி எழுத்தாக வைத்தால் அவருக்குப் போதும், உங்களுக்கும் தேட வசதி.

1993ல் எங்கள் மாவட்டத்து முதனை கிராமத்தில் ராஜாக்கண்ணு என்ற குறவர் சமூகத்துக்காரர் போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்டார், வக்கீல் சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு நடத்தினார், பின்னால் அவரே அங்கே நீதிபதியும் ஆனார். அந்த ராஜாக்கண்ணுவின் மனைவி மாதிரி ஒரு பெண் இன்று உங்கள் படியேறி வந்தால் குமாஸ்தா அவரை எங்கே உட்கார வைப்பார்? நாற்காலியிலா, படியிலா? டீ வாங்கி வந்தால் எல்லாருக்கும் கொடுக்கிற டம்ளரிலா, அவருக்கு மட்டும் பேப்பர் கப்பிலா? குமாஸ்தாவிடம் இதை நீங்களே நேராகச் சொல்ல வேண்டும். திருநர் சமூகத்தவரை "அவன் இவன்" என்று பேசுவதும் அப்படித்தான். இந்தியாவின் முதல் திருநங்கை வக்கீல் சத்யஸ்ரீ ஷர்மிளா 2018ல் பதிவு செய்ததே நம் பார் கவுன்சிலில்தான், அவர் மாதிரி ஒருவர் உங்களிடம் வேலை கேட்டு வருவார், வரும்போது ஆபீஸ் கழிப்பறை எது என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா நீதிமன்ற வளாகத்திலும் ஆண், பெண், மாற்றுத்திறனாளி, திருநர் எல்லாருக்கும் கழிப்பறை வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறது. அது கோர்ட்டுக்குத்தான், நம் ஆபீஸில் ஒரே ஒரு கழிப்பறை, தாழ்ப்பாள் நன்றாக இருந்தால் போதும். முதலில் அந்தத் தாழ்ப்பாளைப் பாருங்கள், பாதி சேம்பரில் அது இருக்காது.

"இதெல்லாம் இப்போது வந்த வெளிநாட்டுப் பேச்சு" என்று உங்கள் மூத்த பார்ட்னர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அவரிடம் பொன்னுத்தம்பி பிள்ளை கதையைச் சொல்லுங்கள். 1873ல் இதே புதுச்சேரியில், பிரெஞ்சுக் கோர்ட்டுக்குள் ஷூ போட்டுக்கொண்டு போனதற்காக அந்தத் தமிழ் வக்கீலை நீதிபதி தடுத்தார். ஐரோப்பியர் ஷூவோடு போகலாம், இவர் போகக் கூடாது. அவர் வழக்கைப் பாரீசில் இருந்த உச்ச மன்றம் வரை கொண்டுபோய் ஜெயித்தார். யார் எந்தக் கோலத்தில் கோர்ட்டுக்குள் வரலாம் என்ற சண்டை உங்கள் ஊரில் 150 வருடத்துக்கும் மேல் பழையது.

படிவத்தில் என்ன எழுதுவது என்றுதானே ஆரம்பித்தோம். பொய் எழுதாதீர்கள், கம்பெனிகள் இப்போது அடுத்த வருடம் திரும்பக் கேட்கின்றன. உள்ளகக் குழு இன்ன தேதியில் அமைத்தோம், ஜூனியர்களுக்கு மாதம் 15,000 இந்த மாதம் முதல் தருகிறோம், ஆள் எடுப்பது கல்லூரியில் அறிவிப்பு ஒட்டி எழுத்துத் தேர்வு வைத்து, வழக்குப் பகிர்வை ஆறு மாதத்துக்கு ஒருமுறை டைரி வைத்துப் பார்க்கிறோம். செய்துவிட்டு இந்த நான்கு வரியை எழுதுங்கள். இன்னும் செய்யாததை "செய்யப்போகிறோம்" என்று தேதியோடு எழுதுங்கள். அவர்கள் வழக்கில் உங்கள் இரண்டு பெண் ஜூனியர்களில் ஒருவர் பெயரை முதல் வக்காலத்திலேயே போடுங்கள், கிராஸ் அவருக்கு என்று இப்போதே சொல்லிவிடுங்கள், தயாராக அவருக்கும் நாள் வேண்டும். குழுவுக்கு வெளி உறுப்பினர் கிடைக்கவில்லை என்றால் கேளுங்கள், கடலூரில் பெண்கள் அமைப்புகளில் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், விசாரித்துச் சொல்கிறேன்.